அடுக்களைச் சாயமும் அரிய பறவைகளும்

இறகையும் உரோமத்தையும் பட்டு நூலையும் கொண்டு, சிறிய தூண்டில் முள்ளின்மீது நீரோடைப் பூச்சியொன்றின் சாயலை உண்டாக்கி, அந்தப் போலிப் பூச்சியை நீரின்மேல் மெல்ல விழவிட்டு டிரவுட், சால்மன் முதலிய குளிர்நீர் மீன்களைப் பிடிக்கும் வித்தை, ஐரோப்பாவில், விசேஷமாக இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டு வருகிறது. அந்தப் போலிப் பூச்சியை ‘ஈ’ என்றும், அதைச் செய்யும் தொழிலை ‘ஈ கட்டுதல்’ என்றும் அவர்கள் வழங்குகிறார்கள். புழுவோ மாவோ வைக்காமல் வெறும் தோற்றத்தைக் கொண்டே மீனை நம்பச் செய்ய வேண்டியிருப்பதால், இந்த வித்தையில் நிறத்திற்கு உள்ள இடம் பெரிது. ஓடையில் அன்று பறக்கும் பூச்சி பச்சை கலந்த பழுப்பாயிருக்க, கட்டிய ஈ பளிச்சென்ற மஞ்சளாயிருந்தால், மீன் அதன் அருகே வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப்போவதும் உண்டு.

அந்த நிறத்தை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் இவ்வித்தையில் ஈடுபட்டவர்களிடையே கருத்து வேற்றுமை நிலவுகிறது. அரிய பறவையின் இறகு இல்லாமல் உத்தமமான ஈ அமையாது என்று கருதுவோர் ஒரு சாரார். ஆலையில் நிறமேற்றிப் பொட்டலமாக விற்பதை வாங்கிக்கொண்டால் போதும் என்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் புறம்பாக, வீட்டுக் கோழியின் இறகை வெங்காயத் தோலிலும் மஞ்சளிலும் தேயிலையிலும் இட்டுத் தம் கையாலேயே சாயமேற்றிக்கொள்ளும் சிறு கூட்டத்தாரும் உண்டு. மூன்றாமவர் செய்வதே மேலான காரியம் என்பதும், ஒரு வித்தையின் பெருமை கையின் பயிற்சியிலும் கண்ணின் கூர்மையிலும் இருக்கிறதே அன்றிப் பொருளின் அருமையில் இல்லை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

அடுக்களைச் சாயம் நேற்று முளைத்த புதுமை அன்று. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய ஆசிரியர், மாசிடோனியாவின் ஆற்றங்கரை மக்கள் முள்ளின்மீது சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடியை அடுத்து வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததாக எழுதிவைத்திருக்கிறார். செயற்கை ஈயைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வருணனைகளுள் ஒன்றாகிய அதிலேயே, சாயமேற்றிய கம்பளியும் சேவல் இறகும் இடம் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது.

1496-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தொகுதியொன்றில், தூண்டிற்கலை பற்றிய சிறு கிரந்தம் ஒன்று வெளிவந்தது. அதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவு மடத்துத் தலைவி என்பது கர்ணபரம்பரை; ஆராய்ச்சியாளர் பலர் அதை ஐயுறுகின்றனர். இயற்றியவர் யாராயினும், பன்னிரண்டு வகை ஈக்களை விவரிக்கும் அந்த நூல், தூண்டிற் கயிற்றுக்கு வேண்டிய வெள்ளைக் குதிரையின் வால்மயிரை ஆறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒவ்வொரு நிறம் ஏற்றும் முறையையும் விரித்துரைக்கிறது. பருவத்திற்கும் நீரின் தெளிவுக்கும் ஏற்ப நிறம் மாற வேண்டும் என்பது அதன் கோட்பாடு. அந்தச் சாயங்களில் அக்காலத்து வீடுகளில் காய்ச்சிய பார்லி மதுவும் படிகாரமும் சேர்கின்றன. 1653-இல் ஐசக் வால்டன் தம்முடைய புகழ்பெற்ற தூண்டில் நூலில் கயிற்றுக்குச் சொல்லும் சாயமும் இந்த மரபைச் சேர்ந்ததே: பார்லி மது, அடுப்புப் புகைக்கரி, அக்ரூட் இலையின் சாறு, படிகாரம் ஆகிய நான்கும் சேர்த்துக் கொதிக்கவைத்தது. பின்னர் 1836-இல் ஆல்பிரெட் ரொனால்ட்ஸ் என்பவர், ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின் கரையில் குடில் அமைத்து மீன்களையும் பூச்சிகளையும் கூர்ந்து நோக்கி, இயற்கைப் பூச்சியையும் அதற்கேற்ற செயற்கை ஈயையும் அடுத்தடுத்து வண்ணச் சித்திரங்களாகத் தீட்டி வெளியிட்ட நூலில், தூண்டில் நரம்புக்கு நீர்ப்பாசியின் நிறம் வேண்டுமானால் வெங்காயத் தோலைக் காய்ச்சி, ஆறிய பின் அந்த நீரில் ஊறவைக்க வேண்டும் என்று எழுதினார். பூச்சிகளைச் சாஸ்திரீயமாக வகைப்படுத்திய அந்த அறிஞருக்கு, அடுக்களையில் கழித்துப்போடும் தோல் இழிவாகத் தோன்றவில்லை.

இம்முன்னோர்கள் நிறத்தைக் கடையிற் காணவில்லை, ஓடையிற் கண்டார்கள். வால்டனுடைய நூலின் 1676-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஈத்தூண்டில் பற்றிய பகுதியை எழுதிச் சேர்த்த சார்ல்ஸ் காட்டன், ஸ்டாஃபோர்ட்ஷயரில் டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். ஈயின் உடலுக்காக நூலில் முறுக்கும் உரோமத்தைக் கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தே அதன் உண்மையான நிறத்தை நிச்சயிக்க வேண்டும் என்பது அவர் போதித்த நெறி. ஏனெனில், மீன் கீழிருந்து மேல்நோக்கி வானத்தின் ஒளியில் பூச்சியைப் பார்க்கிறது. மேசைமீது வைத்து மேலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்குத் தெரியும் நிறம் வேறு, ஒளி ஊடுருவும்போது தோன்றும் நிறம் வேறு. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின் 1854-இல், டுவீட் ஆற்றங்கரையில் ஸ்பிரௌஸ்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜேம்ஸ் ரைட் என்னும் ஈ கட்டுநர், டர்ஹாம் நகரத்துப் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் கொண்டுவந்து காட்டிய பூச்சிக்கு இணையாக ஓர் ஈயைக் கட்டினார். ‘கிரீன்வெல்ஸ் குளோரி’ என்று இன்றளவும் புகழோடு விளங்கும் அந்த ஈயின் உடல் வெறும் மஞ்சள் பட்டு நூல்தான். செருப்புத் தைப்போர் நூலுக்குப் பூசும் கரிய மெழுகை அதன்மீது தேய்த்ததும், மஞ்சள் மங்கி, பூச்சியின் உடலிலுள்ள ஆலிவ் பச்சை தோன்றிவிடுகிறது. கைக்கு அகப்பட்ட மெழுகும், பூச்சியை உற்றுநோக்கிய கண்ணும் கூடிய இடத்தில் ஒரு சிறந்த நிறம் பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அடுக்களைச் சாயம் எங்ஙனம் வேலை செய்கிறது என்பதை அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காதாகையால், ஆலிவ் நிறம் ஏற்றும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். வளர்ந்த வெள்ளைச் சேவலின் கழுத்திலும் முதுகிலும் உள்ள நீண்டு ஒடுங்கிய இறகுகளை முதலில் சோப்பு நீரில் அலசி, அவற்றின்மீதுள்ள எண்ணெய்ப் பசையை முற்றும் நீக்கிவிட வேண்டும். பசை தங்கிய இடத்தில் சாயம் பற்றாமல் திட்டுத் திட்டாக வெளுத்துக் காணும். பின்பு, பத்துக் கிராம் இறகுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, இறகை அதில் ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் ஊறவைக்க வேண்டும். இதற்கிடையே, இறகைப் போல் இரண்டு மடங்கு எடையுள்ள உலர்ந்த வெங்காயத் தோலை வேறொரு பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, செம்பழுப்பான அந்தச் சாற்றைத் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். வடிகட்டாவிட்டால், தோலின் துணுக்குகள் இறகின் இழைகளுக்கிடையே சிக்கிக்கொண்டு, பின்பு எவ்வளவு அலசினாலும் வெளிவாரா. ஈர இறகைச் சாற்றில் அமிழ்த்தியபின் தீயை மிகவும் தணித்துக்கொள்வது அவசியம். ஓரத்தில் சிறு குமிழிகள் அரும்பத் தொடங்கும் நிலையே எல்லை. தளதளவென்று கொதித்தால் இறகின் தண்டு முறுகி, இழைகள் சுருண்டு, ஈ கட்ட உதவாமற் போகும்.

முதல் ஐந்து நிமிஷத்தில் இறகு வெளிறிய மஞ்சளாகிறது. கால்மணி நேரத்தில் பொன்னிறம் ஏறுகிறது. அரைமணி நேரத்தில் அந்தப் பொன்னில் செம்பின் சாயல் கலக்கிறது. பாதி இறகுகளை இந்த நிலையில் எடுத்து அலசி வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை, ஒரு சிட்டிகை அன்னபேதி கரைத்த வேறொரு வெந்நீர்ப் பாத்திரத்திற்கு மாற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னிறம் மங்கி, பாசி படர்ந்த கல்லின் பச்சை அடியிலிருந்து நுனிவரை பரவுவதைக் காணலாம். இங்கேதான் கண்ணுக்கு வேலை. ஈரத்தில் நிறம் எப்போதும் கருத்தே தோன்றுமாகையால், வேண்டிய நிறத்தினும் ஒரு படி ஆழ்ந்தபின்பே இறகை வெளியே எடுக்க வேண்டும். ஆனால் ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஆலிவ் கறுத்துச் சேற்று நிறமாகிவிடும். எடுத்ததை அலசி, செய்தித்தாள்களுக்கிடையே வைத்து ஈரத்தை ஒற்றி, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சற்றுக் காட்டினால், ஒட்டிக்கிடந்த இழைகள் பிரிந்து பழையபடி விரிந்துகொள்ளும்.

இந்த மாறுதலின் காரணம் எளிது. இறகும் உரோமமும் நம்முடைய நகமும் கேசமும் போலவே கெரட்டின் என்னும் புரதத்தாலானவை. பருத்தி எளிதில் ஏற்காத சாயங்களையும் அவை விரும்பி ஏற்கும். வெங்காயத் தோலிலுள்ள குவெர்செட்டின் என்னும் நிறப்பொருளைப் படிகாரத்திலுள்ள அலுமினியம் இறகோடு பிணைத்துப் பொன்னிறமாக்குகிறது. அன்னபேதியிலுள்ள இரும்பு அதே நிறப்பொருளோடு கூடும்போது ஆலிவ் தோன்றுகிறது. தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இவ்விதமே. தனியே இட்டால் வெள்ளை இறகு இளம்பழுப்பாகும். இரும்பு சேர்ந்தால் சாம்பல் நிறமாகும். இந்தச் சாம்பல் நிறத்தின் மதிப்பை ஈ கட்டுவோர் நன்கு அறிவர். நீலம் கலந்த சாம்பல் இறகுள்ள சேவல் இயற்கையில் அரிது. அத்தகைய சேவலையும் பெட்டையையும் இணைத்தாலும் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிதான் அந்நிறம் பெறும், எஞ்சியவற்றில் ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி புள்ளி விழுந்த வெள்ளையாகவும் போய்விடும். அத்தகைய இறகுக்குப் பலர் பெரும்பொருள் கொடுத்துவந்த காலத்திலும், அதற்கு மிக நெருங்கிய நிறம் ஒரு பிடி தேயிலையில் ஒளிந்திருந்தது.

மஞ்சளின் இயல்பைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படிகாரத்தின் உதவியும் இல்லாமலே அது இறகில் பாய்ந்து பிரகாசிக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் நம் வீட்டார் யாவரும் அறிந்ததே; ஆயினும் அந்தச் சிவப்பு இறகுக்கு உதவாது, சுண்ணாம்பின் காரம் கெரட்டினை அரித்துவிடும். பீட்ரூட்டைக் கண்டு மயங்குவோரும் பலர். அதன் சாறு கண்ணைப் பறித்தாலும், சூடு பட்டதும் அந்நிறம் சிதைந்து, எஞ்சியதும் அலசும் நீரோடு போய்விடுகிறது. அடுக்களையிலுள்ள பதார்த்தங்கள் எல்லாம் சாயமாகா என்பதையும், எது சாயம், எது வெறும் கறை என்பதைப் பகுத்தறிவதே இத்துறையின் பாதிக் கல்வி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களை ஆராய்வோம். அடுக்களைச் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பது ஒன்று. இருமுறை காய்ச்சினால் இருவேறு நிறமாக வரும் என்பது மற்றொன்று. நீலமும் நிலைத்த சிவப்பும் அதிற் கிடையா என்பது மூன்றாவது. மூன்றும் மெய்யே. மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் விரைவில் மங்கும். வெங்காயத் தோல் அதனினும் நெடிது நிற்பினும் ஆலைச் சாயத்தின் உறுதி அதற்கு இல்லை. ஆனால், ஈ எங்கே வாழ்கிறது? அது தன் ஆயுளில் பெரும்பகுதியை மூடிய பெட்டியின் இருளிலே கழித்து, சொற்ப நேரமே வெயிலையும் நீரையும் கண்டு, பெரும்பாலும் வெளுப்பதற்கு முன்னமே மரக்கிளையிலோ பாறையிடுக்கிலோ சிக்கித் தொலைந்துபோகிறது. பல ஆண்டுகள் உடுத்தும் வஸ்திரத்திற்குரிய அளவுகோலை அதன்மேல் வைப்பது நியாயமன்று.

நிறம் ஒரே சீராக வராது என்னும் குறையோ, என் கருத்தில் குணமே ஆகும். ஓடையிலுள்ள பூச்சிகளும் ஒரே சீராக இல்லை. குளிர்ந்த இளவேனிலின் தொடக்கத்தில் வெளிப்படும் ஆலிவ் நிற மேஃபிளைகள் பெருத்தும் கருத்தும் இருக்க, கோடையில் வருபவை சிறுத்தும் வெளுத்தும் இருக்கின்றன. ஒரே பாத்திரத்தில் கால்மணிக்கொருமுறை எடுத்த இறகுகள் ஒரு முழுப் பருவத்திற்கும் வேண்டிய நிறவரிசையைத் தந்துவிடுகின்றன. ஒவ்வோர் இறகிலும் அடி வெளுத்து நுனி ஆழ்ந்து, இழைக்கு இழை நிறம் சிறிது வேறுபட்டு அமைவதால், அது ஒளியில் உயிருள்ள பொருளைப் போலவே தோன்றுகிறது. நீலத்தையும் சிவப்பையும் பொறுத்தவரையில், அவற்றை ஆலைச் சாயத்திலிருந்து பெறுவதை நான் குறைகூறேன். 1856-இல் பதினெட்டு வயது இளைஞராயிருந்த வில்லியம் பெர்க்கின் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது முதல் ரசாயன சாஸ்திரம் மனிதருக்குச் செய்த உபகாரத்தை மறுப்பது பேதைமை. டிரவுட் ஓடைகளில் தூண்டில்காரனுக்கு வேண்டிய நிறங்களில் பெரும்பாலானவை பழுப்பும் ஆலிவும் சாம்பலும் மங்கிய மஞ்சளுமே என்பதையும், அவையனைத்தும் அடுக்களையில் உள்ளன என்பதையுமே இங்கே வலியுறுத்துகிறேன்.

பழைய சாயங்கள் யாவும் தீங்கற்றவை என்று நினைப்பதும் பிரமை. மஞ்சளும் ஆலிவும் பெறும்பொருட்டு, சென்ற நூற்றாண்டுகளின் ஈ கட்டுநர் பிக்ரிக் அமிலத்தையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் தாராளமாகக் கையாண்டார்கள். முன்னது, பீரங்கிக் குண்டுகளில் அடைக்கப்பட்ட வெடிமருந்து; பின்னது, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய விஷம். ஒரு வெங்காயத் தோல் தரக்கூடிய நிறத்திற்காக இவற்றை வீட்டில் வைத்திருந்தார்கள் என்று எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது. ஆகவே, அடுக்களைச் சாயம் ஏற்றுவோரும் சில நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும்: சாயப் பாத்திரம் சமையலுக்கு மீண்டும் வரக்கூடாது, அன்னபேதியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், குரோமிய உப்புகளை வீட்டினுள் கொண்டுவரவே கூடாது. படிகாரமும் சிறிதளவு இரும்பும் இத்தொழிலுக்குப் போதும்.

ஆயினும் இந்த வித்தையின் வரலாற்றில் நிகழ்ந்த பெருங்கேடு விஷச் சாயங்களால் அன்று, இறகின் மீதுள்ள மோகத்தால் விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் பறவைத் தோல்களைக் கொண்டுவந்து குவித்தபோது, பெண்களின் தொப்பிகளுக்குப் போக எஞ்சியவை சால்மன் ஈ கட்டுவோரின் கைக்கு வந்தன. 1895-இல் ஜார்ஜ் கெல்சன் வெளியிட்ட சால்மன் ஈக்கள் பற்றிய பெரிய நூலைப் புரட்டினால், ஓர் ஈக்குத் தென் அமெரிக்காவின் டூக்கானும், அதே கண்டத்தின் நீலக் கொட்டிங்காவும், நம் நாட்டுக் காட்டுக்கோழியும் சேர்ந்து இறகு தர வேண்டியிருந்ததைக் காணலாம். ஜாக் ஸ்காட் என்னும் புகழ்பெற்ற ஈயும் அத்தகையதே. கடலிலிருந்து முட்டையிடும்பொருட்டு ஆற்றினுள் ஏறும் சால்மன், ஆற்றில் இரை தேடுவதே இல்லை. அது ஈயைக் கவ்வுவது பசியால் அன்று. ஆதலின் எந்தப் பூச்சிக்கும் ஒப்பாகாத அந்த அலங்காரமெல்லாம், மீனைவிட மனிதரின் கண்ணுக்காகவே ஏற்பட்டது.

அந்த மோகத்தை எதிர்த்தவர்களும் அந்நாட்டிலேயே தோன்றினார்கள். 1889-இல் மான்செஸ்டரில் பெண்மணிகள் சிலர் கூடி, இறகு வியாபாரத்திற்கு எதிராக ஆரம்பித்த சங்கமே பின்னர் பறவைகளின் பாதுகாப்புக்கான ராஜ சங்கமாக வளர்ந்தது. 1921-இல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டமும் பிரிட்டனில் நிறைவேறிற்று. சட்டம் கப்பலைத் தடுத்தது; மனத்தின் ஆசையைத் தடுக்க அதனால் இயலவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சால்மன் ஈ கட்டுவதில் தேர்ந்த இளைஞர் ஒருவர், டிரிங் நகரத்திலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையின் ஜன்னலை உடைத்துப் புகுந்து, 299 பறவைத் தோல்களைத் திருடிச் சென்றார். ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் அரும்பாடுபட்டுச் சேகரித்த பறவைகளும் அவற்றுள் இருந்தன. திருடியவற்றில் பல ஈ கட்டும் ஆர்வலர்களுக்கு விற்கப்பட்டன. குற்றவாளி அகப்பட்ட பின்பும் பல தோல்கள் மீளவில்லை; மீண்டவற்றிலும் பல, எந்த இடத்தில், எந்த நாளில், யாரால் சேகரிக்கப்பட்டன என்று கூறும் சீட்டை இழந்திருந்தன. அந்தச் சீட்டு இல்லாத தோல் விஞ்ஞானிக்கு ஏறக்குறையப் பயனற்றது. ஒன்றரை நூற்றாண்டு அறிவு, அலங்காரத் தூண்டில் முள்ளுக்காக அழிந்தது என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

‘இது ஒரு கலை, பழைய ஆசிரியர் குறித்த இறகையே கொண்டு கட்டினாலன்றி மரபு பிழைக்காது’ என்று இவ்வார்வலர்களில் சிலர் வாதிக்கிறார்கள். கலையின்பால் அவர்களுக்குள்ள பக்தியை நான் ஐயுறவில்லை. ஒரு சால்மன் ஈயைக் குறையின்றிக் கட்டி முடிக்கப் பல மணி நேரம் அசையாமல் அமர்ந்து உழைக்கும் பொறுமை எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் அவர்கள் மரபு என்று கொண்டாடுவது, அந்த நெடிய வரலாற்றில் ஒரு சிறு பகுதியே. ஈலியனின் சேவலிறகும், 1496-இன் படிகாரமும், வால்டனின் அக்ரூட் இலையும், ரொனால்ட்ஸின் வெங்காயத் தோலும் அதற்கு மிகவும் முற்பட்டவை. மரபைக் காக்க விரும்புவோர் அதன் வேரையன்றோ காக்க வேண்டும்? டூக்கானின் மார்பிறகுக்கு மாற்றாக, கோழியின் சிறு மார்பிறகில் மஞ்சள் ஏற்றிக் கட்டும் ஈயை, அருங்காட்சியகத்திலுள்ள பழைய ஈயின் பக்கத்தில் வைத்தால், இரண்டின் அழகையும் நிச்சயிப்பது கட்டியவரின் கைத்திறமே. அரிய இறகு திறமையில்லாதவனின் ஈயை அழகாக்குவதில்லை. கோழி இறகு திறமையுள்ளவனின் ஈயைக் குறைப்பதுமில்லை.

இந்த விவகாரத்தில் நம் நாட்டுக்கும் நேரான சம்பந்தம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுகளின் நுனியில், மெழுகை உருக்கி வைத்தாற்போன்ற வெளிர்மஞ்சள் பொட்டுகள் அமைந்திருக்கின்றன. சால்மன் ஈயின் கன்னத்தில் வைப்பதற்கென்று அந்தக் கழுத்துத் தோல் ஒரு காலத்தில் ஏராளமாக நம் கரையிலிருந்து கப்பலேறியது. அதற்காகக் கண்ணி வைக்கப்பட்ட சேவல்களும் ஏராளம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று அப்பறவையை வேட்டையாடுவது குற்றம். வெளிநாட்டினர் சிலர் அதைப் பண்ணைகளில் வளர்த்து இறகு பெறுகிறார்கள். சாதாரணச் சேவலின் இறகு நுனியில் அரக்குப் பொட்டிட்டு மாற்று இறகு செய்துகொள்வோரும் உளர். பின்னவர் வழியே எனக்கு உகந்தது.

மேலும், இந்த வித்தை நம் மலைகளிலும் வேர்கொண்டுள்ளது. 1907-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது முதல் அங்குள்ள ஓடைகளில் டிரவுட் வாழ்ந்து வருகிறது. அம்மலைகளில் ஈ கட்டக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள், கடல்கடந்து வரும் பொட்டலங்களை எதிர்பார்த்திருக்க வேண்டிய அவசியம் என்ன? சந்தையிலுள்ள கறிக்கோழிகளை இளங்குஞ்சாகவே அறுத்துவிடுவதால் அவற்றில் நீண்ட கழுத்திறகு கிடையாது என்பது மெய். ஆனால் அவற்றின் மெல்லிய வெள்ளை இறகுகள் நீரினுள் அமிழும் ஈக்களுக்கு உகந்தவை. வயது முதிர்ந்த நாட்டுச் சேவலின் கழுத்திறகோ மிதக்கும் ஈக்களுக்கு ஏற்றது. இரண்டையும் நாம் குப்பையில் கொட்டுகிறோம். ஈரோட்டு மஞ்சளும் நீலகிரித் தேயிலையும் எந்த வீட்டிலும் இருக்கின்றன. அன்னபேதியும் படிகாரமும் கடுக்காயும் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு கூடிக் கருமை தரும் என்பதைத் துணிக்குச் சாயமேற்றிய நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஆகவே, இந்த வித்தையைப் பேணும் சங்கத்தார், எந்த நாட்டினராயினும், மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுமென்று வேண்டுகிறேன். முதலாவது, புதிதாக வரும் மாணவனுக்கு முடிச்சுப் போடக் கற்பிக்கும் அன்றே ஓர் இறகுக்குச் சாயமேற்றவும் கற்பிக்க வேண்டும். ஓடைக்குச் சென்று கல்லைப் புரட்டி, அதன் அடியிலுள்ள பூச்சியைப் பார்த்துவிட்டு வந்து அதன் நிறத்தைப் பாத்திரத்தில் தேடுகிறவன், மீனையும் ஆற்றையும் அறிவதுபோல் பொட்டலம் வாங்குகிறவன் ஒருநாளும் அறிய மாட்டான். இரண்டாவது, போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் அரிய காட்டுப் பறவைகளின் இறகு கொண்ட புதிய ஈக்களுக்குப் பரிசளிப்பதை நிறுத்தி, சாயமேற்றிய வீட்டுப் பறவையின் இறகால் கட்டியவற்றுக்கே முதல் மரியாதை செய்ய வேண்டும். பரிசு எங்கே போகிறதோ அங்கே ஆசையும் போகும். ஆசை திரும்பினால் சந்தையும் திரும்பும். மூன்றாவது, இறகு விற்போர் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அது எந்தப் பறவையினது, எங்கே வளர்ந்தது, எந்தச் சாயம் ஏறியது என்பதை எழுத வேண்டும் என்று வாங்குவோர் வற்புறுத்த வேண்டும்.

இவை பெரிய தியாகங்கள் அல்ல. இதனால் எந்த ஈயும் அழகிற் குறையாது, எந்த மீனும் தூண்டிலுக்குத் தப்பிவிடாது. காட்டில் ஒரு பறவை உயிரோடிருக்கும். அருங்காட்சியகத்தில் ஒரு தோல் தன் சீட்டோடு இருக்கும். வீட்டில் ஒரு விஷப் புட்டி குறையும். ஓர் ஈயைக் கையில் எடுத்து அதன் அழகை வியப்பவர், இனிமேல் அதன் நிறம் எங்கிருந்து வந்தது என்றும் கூடவே கேட்கட்டும். அந்தக் கேள்வி வழக்கமாகிவிட்டால், கூசாமல் விடை சொல்லத்தக்க பொருளையே கட்டுபவரும் தேடிக்கொள்வார்.